கண் வைக்காமல் ஒன்று

மூன்றடிக்கு இரண்டடி.
குதிரைமேல் தர்மராஜ், முன்னங்காலருகே நாகம்.
வண்ணம் வேண்டாம், சுட்ட மண்ணின் நிறமே போதும்.
ஆர்டர் நோட்டில் இதுவரை எழுதிவிட்டேன்.
"இன்னொன்று" என்றாள்
அகமதாபாத்திலிருந்து ஹேதல் பாரேக்,
"கண் வைக்காமல்."

பேனா நின்றது.

பன்னிரண்டாவது மாடியாம். வரவேற்பறைச் சுவராம்.
எதிரே டிவி, நடுவே சோபா.
நண்பர்கள் வருவார்கள், இரவு நீளும்,
கோப்பையில் என்ன என்று நான் கேட்கவில்லை.
கண் இருந்தால் தினமும் விளக்கு வைக்கச் சொல்வார் மாமியார்.
கண் இல்லையென்றால் அது அலங்காரம்.

பத்தொன்பது வருடமாக நோட்டு என் கையில்.
மகன் பயப்படுகிறான், பாம்புக்குப் படம் வேண்டாம்
என்று கேட்டவர் உண்டு.
லிப்ட் கதவின் அளவுக்கு
நாற்பது பிள்ளையார் கேட்ட ஓட்டலும் உண்டு.
இது புதுசு.
எழுதினேன். முன்பணம் வந்தது.

முற்றத்தில் பேருலால் மண் மிதித்துக்கொண்டிருந்தார்.
பனாஸ் ஆற்று மண்ணில் கால் பங்கு கழுதைச் சாணம்.
அது சேராவிட்டால் சூளையில் வெடித்துவிடும்
எந்தக் கடவுளும்.
கழுதை கற்பூரத்தை அறியாது என்பார்கள்.
மொலேலாவின் ஓடுகளுக்கு எங்கே கற்பூரம் காட்டினாலும்
அதில் கால் பங்கு கழுதைக்கு.

பலகைபோல் தட்டிய மண்மேல்
குதிரையின் வயிற்றை உள்ளே வெற்றாக எழுப்பினார்.
கட்டைவிரலால் மீசை. சீப்புப் பல்லால் பிடரி.
வழக்கமாக இரண்டு மிளகளவு உருட்டி
முகத்தில் ஒட்டி, மூங்கில் சிம்பால் கீறுவார்.
அன்று
ஈரக்கையை முகத்தின்மேல் ஒருமுறை ஓட்டிவிட்டு
வேட்டியில் துடைத்துக்கொண்டார்.
"கேட்டதுதானே கொடுக்கணும்."

நிழலில் பதினோரு நாள் காய்ந்தது.
எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் கொட்டகையில்
பார்க்கப்பட மட்டுமே ஒன்று.
விளக்குமாற்றோடு அதைத் தாண்டும்போது
முந்தானையைச் சரிசெய்ய மறந்துபோனதை
நான் கவனித்தேன்.

மாசியில் ஜாடோல் பக்கத்திலிருந்து பீல்கள் வந்தார்கள்,
ஜீப் கூரையில் மேளத்தைக் கட்டிக்கொண்டு.
ஓடு ஓடாக நின்று நடுங்கி வந்த பூசாரி
அதன் முன்னால் மட்டும் நடுங்காமல் நின்றார்.
"தூங்குகிறாரா?"
"விற்றாயிற்று" என்றேன்.

வைக்கோல், தெர்மாகோல், பழைய ரஜாயின் பஞ்சு.
குதிரைக்கு ஒரு காது போனதோடு போய்ச் சேர்ந்தது.
பசை வைத்து ஒட்டிக்கொண்டார்களாம்.
மேலே ஒரு சின்ன விளக்கு, படம் அனுப்பினாள்.
அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

நாலு மாதம் கழித்து போன்.
"சோசர்பென், மையை எப்படி அழிப்பது?"

"என்ன மை?"

பெருக்கித் துடைக்க வருகிறவள். பெயர் ஹக்ரி.
ஜாடோலுக்கு அந்தப்புறம் ஏதோ ஊர்.
ஒரு காலை, தன் குழந்தைக்கு வைத்த மையில் மிச்சத்தை
விரலில் எடுத்து
இரண்டு கண்.

"கேட்டால் என்ன சொல்கிறாள் தெரியுமா?
தினம் முகம் துடைக்கிறேன்,
துடைப்பது யாரென்று அவருக்குத் தெரிய வேண்டாமா
என்கிறாள்."

ஈரத்துணி? பரவும்.
தின்னர்? இன்னும் உள்ளே இறங்கும்.
அரக்குப் பூசாத மண், அம்மா. குடித்துவிட்டது.
உப்புத்தாள் போட்டால் கண் போகும்,
கூடவே மூக்கும்.

அந்தப் பக்கம் டிவியில் யாரோ சிரித்தார்கள்.
பிறகு டிவி நின்றது.
"இடது கண் கொஞ்சம் கீழே இருக்கிறது"
என்றாள், குரலை இறக்கி,
பக்கத்தில் யாரோ இருப்பதுபோல.

படம் கேட்டு வாங்கினேன்.
ஆமாம், இடது கொஞ்சம் கீழேதான்.
பார்வை டிவிமேல் இல்லை, சோபாமேலும் இல்லை,
சமையலறைக் கதவுப் பக்கம்.
பேருலால் மண்கையோடு போனை வாங்கி
இரண்டு விரலால் பெரிதாக்கி, சின்னதாக்கி,
திரையெல்லாம் சேறாக்கித் திருப்பித் தந்தார்.
"கை நடுங்கவில்லை" என்றார். அவ்வளவுதான்.

நோட்டைப் பிரித்தேன்.
'கண் வைக்காமல்' என்பதை அடிக்கவில்லை.
கண் வேலைக்கு எங்கள் கணக்கில் நாற்பது ரூபாய்.
கீழே ஒரு வரி இடமிருந்தது:

கண் – ஹக்ரி.
கூலி பாக்கி.